ஆட்சேபணைப் பிரிவின் சாவி

ஜெயகரனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பது ஆம்பூரில் தெரியாத ஆள் கிடையாது. எழுபத்து மூன்றாம் வருஷம் மே மாதம், பாலாற்று மணலில் கால் வைக்க முடியாத வெயிலில், கோட்டு மாட்டிக்கொண்டு சர்ச்சுக்குள் போனவன் தொப்பலாக நனைந்து வெளியே வந்ததை ஊரே நின்று பார்த்தது. பந்தியில் பிரியாணி பத்தவில்லை என்று கோபித்துக்கொண்டு போன அவனுடைய சித்தப்பா இன்றுவரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது.

ஜெயகரன் ஒரு தோல் கம்பெனியில் செலக்ஷன் பார்ப்பவன். பதப்படுத்தி வந்த தோலை மேஜையில் விரித்து, ஓட்டை, கீறல், உண்ணிக்கடி எல்லாம் பார்த்து முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரித்துப் போடுகிற வேலை. அவன் மனைவி ஜெபகனி அரசுப் பள்ளி டீச்சர். பள்ளிக்கூடம் இருந்தது ஒடுகத்தூரையும் தாண்டி மலையடிவாரத்தில். அந்த ஊருக்குப் போகிற ஒரே பஸ் வேர்க்கடலை மூட்டையை ஏற்றும், ஆட்டை ஏற்றும், இடம் மிச்சமிருந்தால் டீச்சரையும் ஏற்றும். தினம் போய்வர முடியாது என்று ஜெபகனி மகள் ரோஸோடு அங்கேயே ஒரு ரூம் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆம்பூர் வருவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவாள். ரோஸ் சனிக்கிழமையை ‘அப்பா கிழமை’ என்றுதான் சொல்லும். வகுப்பில் கிழமைகளை எழுதச் சொன்னபோதும் வெள்ளிக்கு அடுத்து அப்பா கிழமை என்று எழுதி, பாடம் நடத்திய அம்மா கையாலேயே தப்பு வாங்கியது. தப்புப் போட்டுவிட்டு ஜெபகனி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

எண்பத்து நான்காம் வருஷம் ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் இடம் காலியானது. ஆம்பூரில் கணவன் இருக்கிற டீச்சருக்குத்தான் முன்னுரிமை என்று கல்வி ஆபீசில் சொன்னார்கள். கணவன் இருப்பதற்கு அத்தாட்சி வைக்க வேண்டும், அதுவும் ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வைக்க வேண்டும், தவறினால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். இவ்வளவுதானே என்று ஜெயகரன் சிரித்துக்கொண்டே சர்ச்சுக்குப் போனான். பாவம், அப்போது அவனுக்குச் சிரிப்பெல்லாம் வந்தது.

ஆயர் தங்கமான மனுஷர். இன்னாருக்கும் இன்னாருக்கும் இந்தச் சபையில் திருமணம் நடந்தது என்று அன்றே எழுதி, சபை முத்திரையும் வைத்துக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்துக்குச் சபை மூப்பர் ஏசுராஜ் வந்தார். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சர்ச்சில் ஒரு கல்யாணம் என்றால் அதற்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் மணம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் இருந்தால் சபையில் யாராகிலும் சொல்லலாம் என்று ஆயர் கேட்பார். கேட்டதும் முன்வரிசையில் ஏசுராஜ் தொண்டையைச் செருமுவார். சபையே திரும்பிப் பார்க்கும். ஆனால் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. மூப்பராகி இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாணத்திலாவது ஒரு தடை அகப்படாதா என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்ததுதான் மிச்சம். ஜெயகரன் ஓலைக்கும் செருமியவர்தான். பிறகு அந்தக் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவரே, இப்போது இந்தக் காகிதத்திலும் அவரே போட்டார்.

ஆயர் கொடுத்த காகிதத்தைக் கல்வி ஆபீசில் இரண்டு விரலால் தள்ளிவிட்டார்கள். சபை முத்திரை பரலோகத்துக்குச் செல்லும், கல்வி ஆபீசுக்குச் செல்லாது என்றார் அங்கிருந்த கிளார்க். கல்யாணம் நடந்த கையோடு சர்ச்சிலிருந்து பதிவின் ஒரு பிரதி அரசாங்கத்துக்குப் போயிருக்கும், அது வேலூரில் பத்திரமாக இருக்கும், அங்கே போய் நகல் வாங்கி வா என்று அனுப்பினார்.

வேலூரில் எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே இன்னும் வேலை பார்ப்பவர்களுக்கு வருத்தம் வரும், அவர்களை விழித்திருக்க வைத்த பாவம் நமக்கு எதற்கு. வேலூர் வெயிலுக்கு நடுவே அது ஒன்றுதான் குளுகுளு என்று இருக்கும். சுவர் அவ்வளவு கனம். உள்ளே இரண்டு பிரிவு. இந்தப் பக்கம் நகல் பிரிவு, அந்தப் பக்கம் ஆட்சேபணைப் பிரிவு. இரண்டுக்கும் நடுவே பூட்டிய கதவு, அதன் மேல் ‘ஆவண அறை’ என்று எழுதியிருந்தது.

நகல் பிரிவில் சுந்தரி என்ற அம்மாள் வயர் கூடை பின்னிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அடிப்பாகம் முடிந்திருந்தது. கையை நிறுத்தாமலே ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பெயர், ஊர், தேதி எல்லாம் சரியாகத்தான் போனது. அதற்கப்புறம் பதிவு எண் கேட்டிருந்தது. அது எங்கே இருக்கும் என்று ஜெயகரன் கேட்டான். நகலில் இருக்கும் என்றார் சுந்தரி. அந்த நகலைக் கேட்கத்தானே வந்திருக்கிறேன் என்றான். அதைத்தான் நானும் சொல்கிறேன், நம்பரைப் போட்டுக் கொடுத்தால் நகல் தரலாம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். சும்மா சொல்லக்கூடாது, கோபமே வராத அம்மாள்.

ஜெயகரன் நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டு, படிவத்தை அவரிடமே கொடுத்துவிட்டுக் கண்காணிப்பாளரிடம் போனான். சம்பத் என்று பெயர். நெற்றியில் விபூதி, மேஜையில் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் மார்க்கபந்தீசுவரர் படம். நாலு காசு கொடுத்தால் காரியம் நடக்கும் என்று ஒரு நப்பாசையில் ஜெயகரன் சட்டைப் பையைத் தொட்டதைப் பார்த்துவிட்டு, இந்த ஆபீசில் ஒருத்தரும் கை நீட்டமாட்டார்கள் என்று அவர் சொன்னார். அது உண்மை. கையை எதற்குமே நீட்டுவதில்லை என்பது ஜெயகரனுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. பதிவைத் தேடி எடுத்தால் நம்பர் தெரிந்துவிடுமே சார் என்றான் இவன். தேடுவதற்கென்று ஒரு தேடுநர் பதவி இருக்கிறது, இருந்தவர் ரிட்டையர் ஆகிவிட்டார், புது ஆள் போடவில்லை, ஆவண அறைச் சாவி தேடுநர் பேரில்தான் இருக்க முடியும் என்றார் அவர். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பெருமையோடு சொன்னார்.

“வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து இந்த ஆபீஸ்ல ஒரு காயிதம் தொலைஞ்சதில்ல, தெரியுமா? அக்கம்பக்கத்து ஆபீஸ்லல்லாம் கேட்டுப் பாருங்க, எவ்ளோ தொலைச்சிருக்காங்கன்னு. இங்க தொலையாது. ஏன்னா இங்க நாங்க எதையும் வெளிய எடுக்கறதில்ல.”

அடுத்த வாட்டி மனைவியையும் கூட்டி வரச் சொன்னார்கள். நகல் யார் வேண்டுமானாலும் கேட்கலாமா, சம்பந்தப்பட்டவர்கள்தானே கேட்க வேண்டும். ஜெபகனி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ரோஸையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சுந்தரியின் கூடை பாதி உயரம் வந்திருந்தது. இவர்தான் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம் என்று சம்பத் கேட்டார். ஜெயகரன் கல்யாணப் போட்டோவை நீட்டினான். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இதில் இருக்கிற மாப்பிள்ளை ஒல்லியாக இருக்கிறாரே என்றார். அப்படியானால் ஒரே ரேஷன் கார்டில் இருவர் பெயரும் இருக்குமே, அதைக் கொடுங்கள் என்றார். இல்லை, அவள் அங்கே, நான் இங்கே என்றான் ஜெயகரன். புருஷன் பெண்டாட்டி என்கிறீர்கள், ஒரே வீட்டில் இல்லை என்கிறீர்கள், நான் எப்படி நம்புவது என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். ஒரே வீட்டில் இருப்பதற்குத்தான் சார் இந்த நகலே வேண்டும் என்றான் இவன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வந்து கேளுங்கள், தருகிறோம் என்றார் அவர்.

ஜெயகரனுக்கு வேறு வழி தெரியவில்லை. ரோஸைக் கைப்பிடித்து முன்னால் நிறுத்தி, இதோ எங்கள் பெண் என்றான். சம்பத் அந்தக் குழந்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெண் இருப்பது கல்யாணத்துக்கு ஆதாரம் ஆகாது, நாட்டு நடப்பு அப்படி என்றார். ஜெபகனி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பத்து வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்தால் கால் தரையில் இழுபடும். அது கூட அவளுக்குத் தெரியவில்லை. ஜெயகரனுக்கு நெஞ்சு எரிந்தது. இருந்தாலும் வெளியே போகாமல் நின்றான், ஏனென்றால் ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது.

சம்பத்துக்கும் கல் மனசு இல்லை. அவரே ஒரு வழி சொன்னார். பழைய கல்யாணத்துக்கு நகல் கிடைக்காது. ஆனால் புதுக் கல்யாணத்துக்குக் கையில் சுடச்சுடக் கிடைக்கும். இதே ஆபீசில் ஒரு பதிவுத் திருமணம் செய்துகொண்டால் தீர்ந்தது. நோட்டீசை வெளியே போர்டில் ஒட்டுவார்கள். முப்பது நாளில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் கையெழுத்து, முத்திரை, பத்திரம். ஜூனுக்குள் முடிந்துவிடும்.

“அதெப்படி சார்? நாங்கதான் ஏற்கனவே கல்யாணம் ஆனவங்களாச்சே.”

“அது உங்களுக்குத் தெரியும். உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, அது வேற. ஆனா நகல் இல்லாத வரைக்கும் சர்க்காரைப் பொறுத்தவரை நீங்க கல்யாணம் ஆகாதவரு. தைரியமா எழுதுங்க.”

படிவத்தில் மணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர் என்று மூன்று கட்டம்தான் இருந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், பொய் எழுதக் கை வரவில்லை. மற்ற இரண்டும் இதைவிட மோசம். மணமாகாதவர் என்பதில் டிக் போட்டுவிட்டு, மனசுக்குள் ஆண்டவரே மன்னியும் என்றான். வெளியே வந்து ஜெபகனியிடம் படிவத்தை நீட்டியபோதுதான் வெடித்தது.

“இத்தினி வருஷம் குடும்பம் நடத்தி, ஒரு புள்ளையப் பெத்து, இப்ப நான் கன்னிப் பொண்ணுன்னு கையெழுத்துப் போடணுமா? என் பசங்களுக்கு நான் இன்னா பாடம் நடத்தறது?”

ஆனால் அவள் பார்வை ரோஸ் மேல் விழுந்தது. ரோஸ் வாசல் படியில் உட்கார்ந்து, நாளைக்கு என்ன கிழமை என்று யாரோ ஒரு பத்திர எழுத்தரைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் படிவத்தைப் பிடுங்கி, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

கம்பெனியில் இது தெரிந்ததும் ஒரே கும்மாளம். ஜெயகரனுக்கு அடுத்த மேஜையில் செலக்ஷன் பார்க்கும் சத்தார், பழைய தோஸ்த், வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார். “இன்னாப்பா, கட்டின பொண்டாட்டியவே ரெண்டாம் வாட்டி கட்டறியா? பரவால்ல. இந்த வாட்டியாவது பிரியாணிய ஜாஸ்தியா போடு. உங்க சித்தப்பா பேஜார் தீரட்டும்.”

நோட்டீஸ் போர்டில் ஏறியது. ஜெயகரன் விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தான். யார் வந்து ஆட்சேபிக்கப்போகிறார்கள்? கட்டின மனைவியைக் கட்டிக்கொள்வதற்கு எந்த மடையன் தடை சொல்வான்?

ஏசுராஜ் சொன்னார்.

அவர் ஏதோ நிலப் பத்திரத்துக்காக அந்த ஆபீசுக்கு வந்திருக்கிறார். போர்டைக் கண்டால் நின்று படிக்காமல் போகமாட்டார். மணமகன் ஜெயகரன், தோல் கம்பெனி, ஆம்பூர் என்று கண்ணில் பட்டது. கீழே ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கலாம் என்று அச்சடித்திருந்தது. ஓலை வாசிப்பில் முதலில் வருவது மாப்பிள்ளை பெயர், கடைசியில் வருவது தடை கேட்பது. நடுவில் வருவது பெண் பெயர். இத்தனை வருஷம் காத்திருந்த மனுஷருக்கு நடுவில் இருப்பதைப் படிக்கப் பொறுமை எங்கிருந்து வரும்? தொண்டையைச் செருமினார். இந்த முறை செருமியதோடு நிற்கவில்லை. நேரே உள்ளே போய், மேற்படி ஜெயகரன் ஏற்கனவே கல்யாணமானவன், மனைவி பெயர் ஜெபகனி, அந்தக் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நெஞ்சு நிமிர்ந்து பஸ் ஏறினார்.

ஆட்சேபணைப் பிரிவில் அருணகிரி என்று ஒருத்தர் இருந்தார். காலையில் வந்து பேனாவுக்கு மை ஊற்றுவார், சாயங்காலம் அதைத் துடைத்து வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் வேலை. கலப்புக் கல்யாணம் செய்துகொள்ள வருகிற ஜோடியின் அப்பாக்கள் கூட வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிதடி செய்கிறார்களே தவிர, ஒருத்தர் கூட எழுத்தில் கொடுப்பதில்லை என்று அவருக்கு ஆறாத மனக்குறை. இப்போது ஏசுராஜின் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கியவர், உடனே மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார். ஆவண அறையைத் திறந்தார். ஒரு காபி ஆறுகிற நேரத்தில் எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கட்டோடு வெளியே வந்தார். தூசி தட்டி, பிரித்து, ஜெயகரன் ஜெபகனி கல்யாணத்தைக் கையோடு கண்டுபிடித்துவிட்டார்.

விசாரணை என்று ஓலை வந்ததும் ஜெயகரனும் ஜெபகனியும் அலறியடித்து ஓடினார்கள். சுந்தரியின் கூடைக்குக் கைப்பிடி கூட வந்தாயிற்று. அருணகிரி புதுச் சட்டை போட்டிருந்தார். அவர் மேஜை மேல், திறந்தபடி, அவர்களுடைய பதிவு. ஜெயகரன் குனிந்து பார்த்தான். அவன் கையெழுத்து, அவள் கையெழுத்து, கீழே கொட்டை எழுத்தில் ஏசுராஜ்.

“இது எப்டி சார் கெடச்சிது? ரூமுக்குச் சாவி இல்லன்னாங்களே.”

“அது ஆட்சேபணைப் பிரிவு சாவி,” என்றார் அருணகிரி. “கதவு ஒண்ணுதான். ஆனா நகலுக்கு நான் தெறக்கக் கூடாது, ரூல் இல்ல. ஆட்சேபணைன்னா ராத்திரி பகல் பாக்காம தெறப்பேன்.”

ஏசுராஜும் வந்திருந்தார். ஜெபகனியைப் பார்த்ததும் அனுதாபத்தோடு அருகில் போய், நீ கவலைப்படாதே அம்மா, உன் வாழ்க்கையை நான் காப்பாற்றிவிட்டேன், அந்த இன்னொரு பெண் எங்கே என்று கேட்டார். நான்தான் ஐயா அந்த இன்னொரு பெண் என்றாள் ஜெபகனி. அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. தவறு நடந்துவிட்டது, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். பதிவேட்டில் ஏற்றிய ஆட்சேபணையை வாபஸ் வாங்குவதற்குப் படிவமே கிடையாது, வாபஸ் வாங்கும்படியான ஆட்சேபணையை யாரும் கொடுத்ததில்லை என்று அருணகிரி மறுத்துவிட்டார். கண்காணிப்பாளர் சம்பத்தும் வந்து உட்கார்ந்தார். ஜெயகரனைப் பார்த்து, பார்த்தால் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், கல்யாணமானவர் என்பதை எங்களிடம் மறைத்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்ததுதான் விசேஷம்.

உத்தரவை அருணகிரியே எழுந்து நின்று படித்தார். “மனுதாரர் ஜெயகரன் என்பாருக்கும், ஜெபகனி என்பாருக்கும் ஏற்கனவே சட்டப்படி திருமணம் நடைபெற்றுள்ளது இவ்வலுவலகப் பதிவுகளால் ஐயமின்றி மெய்ப்பிக்கப்படுகிறது. முதல் மனைவியான மேற்படி ஜெபகனி உயிருடன் இருக்கையில், இரண்டாவது மனைவியாக மேற்படி ஜெபகனியை மணக்க மனுதாரருக்கு அனுமதி மறுக்கப்படுகிறது.”

ஜெபகனிக்கு முதலில் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று ஏசுராஜ் கைக்குட்டையை எடுத்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஜெயகரனுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. அவன் எழுந்து நின்று கைகூப்பி, இந்த உத்தரவுக்கு ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டான். கேட்டுவிட்டு, அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நடுங்கிப்போனான். அருணகிரி அவனை ஏளனமாகப் பார்த்தார். நகலெல்லாம் அந்தப் பக்கம், இங்கே சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் அசல் உத்தரவே கொடுப்போம் என்று முத்திரை குத்தி ஆளுக்கு ஒன்று நீட்டினார். மணமகனுக்கு ஒன்று, முதல் மனைவிக்கு ஒன்று, இரண்டாவது மனைவிக்கு ஒன்று. ஜெபகனி கையெழுத்துப் போட்டு இரண்டும் வாங்கிக்கொண்டாள்.

கல்வி ஆபீஸ் கிளார்க் அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். “மாறுதல் முதல் மனைவிக்கா, ரெண்டாவது மனைவிக்கா?”

“முதல் மனைவிக்குத்தான் சார்,” என்றான் ஜெயகரன்.

“அப்ப முன்னுரிமை உண்டு,” என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது ஜெபகனி ஆம்பூரில் இருந்தாள். ரோஸ் கிழமைகளை மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டது. ஏசுராஜ் அதற்கப்புறம் ஓலை வாசிப்பில் செருமுவதே இல்லை. இருமல் வந்தால் எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வருவார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் தபாலில் ஒரு கவர் வந்தது. வேலூர் ஆபீசின் நகல் பிரிவிலிருந்து. தேடுநர் பதவிக்கு ஆள் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த ஜெபகனி அதை வாங்கி உரக்கப் படித்தாள். தங்கள் விண்ணப்பத்தின் பேரில் ஆவண அறை முழுவதும் தேடியதில், தாங்கள் குறிப்பிட்ட திருமணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே தாங்கள் மணமாகாதவர் என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது. எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கட்டை அருணகிரி இன்னும் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஜெயகரன் தலையில் கை வைத்துக்கொண்டான். இதை எங்கே போய் மறுப்பது, யாரிடம் எழுதிக் கொடுப்பது என்று புலம்ப ஆரம்பித்தான். ஜெபகனி காகிதத்தை மடித்து, பழைய உத்தரவு இருந்த உறையிலேயே சேர்த்து வைத்தாள்.

“உங்க பேருக்குத்தான வந்திருக்கு. நீங்க கல்யாணம் ஆகாதவராவே இருந்துட்டுப் போங்க. எனக்கு ஆயிடுச்சு, அதுக்கு ரெண்டு உத்தரவு இருக்கு. எனக்கு இன்னும் பேப்பர் பாக்கி கெடக்கு, போய் அரிசியக் களைங்க.”

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஜெயகரன் எழுந்து போய் அரிசி களைந்தான்.